தேநீர் கணக்கில் சேராது

திங்கட்கிழமைதோறும் எனக்கு ஒரு மின்னஞ்சல் வரும். அதை எழுதுவது மனிதர் அல்லர். ஆய்விதழ்களை இரவும் பகலும் துழாவிக்கொண்டிருக்கும் ஓர் இயந்திரம். சென்ற வாரத்தில் எந்தெந்த ஊரில் யார் யார் தம் கட்டுரைகளில் என் கட்டுரையை மேற்கோள் காட்டினார்கள் என்று அது தெரிவிக்கும். நெதர்லாந்தில், உட்ரெக்ட் நகரில், நான் குடியிருக்கும் தெருவில் என் பெயரைச் சொல்லி அழைப்பவர் ஒருவரும் இல்லை. எதிர்வீட்டுப் பெண்மணி பல ஆண்டுகளாக எனக்குக் கையசைக்கிறார். அஞ்சற்பெட்டியில் ஒட்டியிருக்கும் என் பெயரை ஒருமுறையேனும் உச்சரிக்க முயன்றதில்லை. ஆனால் நான் கண்டிராத நகரங்களில், கண்டிராத மனிதர்கள், அதே பெயரை எழுத்துப்பிழையின்றி எழுதி எண்ணிட்டு வைக்கிறார்கள். காலையில் ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி அந்த அஞ்சலைத் திறப்பேன். எண் ஏறியிருக்கும். மூடிவிடுவேன். அதை மகிழ்ச்சி என்று சொல்ல இயலாது. வாசலில் வைத்த பாத்திரத்தில் மழைநீர் சற்று ஏறியிருப்பதைக் காண்பவனுக்கு என்ன தோன்றுமோ, அதுதான் தோன்றும்.

அயல்நாட்டு ஆய்வுக்கூடங்களில் பணியாற்றும் நம்மவர்களுக்கு இந்த எண்ணைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. ஊரில் இருப்பவர்களுக்காக ஒரு வரி சொல்கிறேன். ஆய்வாளன் எத்தனை கட்டுரை எழுதினான், அவற்றைப் பிறர் எத்தனை முறை எடுத்தாண்டார்கள் என்னும் இரண்டையும் வைத்தே அவனுக்குப் பணியும் பதவியும் ஆய்வுநிதியும் வழங்கப்படுகின்றன. என் பெயரில் பல கட்டுரைகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றை என்னைத் தவிர வேறொருவரும் நினைவில் வைத்திருக்க வாய்ப்பில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் உலகம் எடுத்துக்கொண்டது. என்னை உட்ரெக்டுக்குக் கொண்டு சேர்த்ததும், அங்கே நிலைநிறுத்தியதும், கடந்த ஆண்டு ஒரு பேராசிரியர் இருக்கைக்கான இறுதிப் பட்டியலில் என்னை வைத்ததும் அந்த ஒன்றுதான். அதற்கு வேண்டிய குருதி சென்னையை அடுத்த பாடியில் எடுக்கப்பட்டது.

அப்போது நான் சென்னையில் ஆய்வு மாணவன். பாடியில் இருந்த ஒரு வார்ப்பட ஆலையில் என் அக்காள் கணவர் ஆரோக்கியம் வேலை பார்த்தார். ஒல்லியான உடல்வாகுள்ள தமிழகத் தொழிலாளர்களின் குருதியையும், அதே வயதும் எடையும் உடைய டச்சுத் தொழிலாளர்களின் குருதியையும் ஒப்பிட வேண்டும் என்று உட்ரெக்டிலிருந்து பேராசிரியர் ஹென்க் ஒரு திட்டத்துடன் வந்தார். இரவு உணவுக்குப் பின் தண்ணீர் தவிர வேறெதுவும் உட்கொள்ளாமல், காலையில் வெறும் வயிற்றில் குருதி தர வேண்டும். ஆரோக்கியம் மாமாதான் தம் தோழர்களைத் திரட்டினார். ஆலை வாயிலருகே கொட்டகை போட்டோம். முதல் ஷிஃப்டுக்கு வருகிறவர்கள் உள்ளே நுழையும் முன்பு வரிசையில் நின்று கையை நீட்டினார்கள். ஹென்க்குக்குத் தமிழ் தெரியாது. ஆகவே அவர்களிடம் பேசியவன் நான். "ஒண்ணும் சாப்பிடாமத்தானே வந்தீங்க?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். ஆமாம் என்றார்கள். அவர்களுடைய வெறும் வயிற்று இன்சுலின், டச்சுக்காரர்களுடையதைவிட வெகுவாக மிகுந்திருந்தது. மெலிந்த உடலுக்குள்ளும் நீரிழிவு பதுங்கியிருக்கிறது என்பதற்குச் சான்று கிடைத்ததென்று எழுதினோம். உலகம் அதை நம்பியது.

எவ்வளவு நம்பியது என்பதை ஒருநாள் என் குடும்ப மருத்துவரின் அறையில் அறிந்தேன். அங்கே அவரை ஹுய்சார்ட்ஸ் என்பார்கள். வேறு எதற்கோ போயிருந்தேன். அவர் திரையைப் பார்த்தவாறே, "உங்கள் பகுதி மக்களுக்கு உடலமைப்பே அப்படி. ஒல்லியாக இருந்தாலும் வெறும் வயிற்றிலேயே இன்சுலின் மிகுந்திருக்கும். ஆகையால் உங்களை முன்கூட்டியே கண்காணிக்க வேண்டும் என்று எங்கள் வழிகாட்டி சொல்கிறது" என்றார். "அது எனக்குத் தெரியும்" என்றேன். நான் வருந்துவதாக அவர் எண்ணிக்கொண்டார். "இது உங்கள் தவறில்லை" என்று ஆறுதல் சொல்லி, ஒரு சிற்றேட்டையும் கையில் கொடுத்தார். அந்தச் சிற்றேட்டின் வேர் என் கட்டுரை என்று நான் சொல்லவில்லை. சொன்னால் தற்பெருமையாகும், அந்நாட்டில் அதைவிடப் பெரிய அநாகரிகம் குறைவு. மிதிவண்டியில் வீடு திரும்பும் வழியில், நான் எழுதிய வாக்கியம் நோயாளியாகிய என்னிடமே திரும்பி வந்திருக்கிறது என்பது மட்டும் உறைத்தது.

இந்த ஆண்டு விடுமுறையில் அம்பத்தூரில் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆரோக்கியம் மாமா ஆலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். கண்புரை அறுவைக்கு முன்பு அவருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை பார்க்கச் சொல்லியிருந்தார்கள். காலையில் அவரை ஆய்வகத்துக்கு அழைத்துச் செல்ல நான் சட்டையை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது, அவர் நாற்காலியில் அமர்ந்து ஆவி பறக்கும் தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, ரத்தம் குடுக்கப் போறப்ப டீ குடிக்கிறீங்க?" என்றேன்.

"டீதானே மச்சான்? சோறா துன்னேன்?"

"பாலும் சக்கரையும் இருக்கே அதுல."

"இருந்துட்டுப் போவுது. வெறும் வயிறுன்னா டிபன் எறங்கக் கூடாது, அவ்ளோதான். டீ எந்தக் கணக்குல வருது? ஒன் டெஸ்ட்டுக்கே டீ குட்ச்சிட்டுதானே வந்தோம்!"

சமையலறையிலிருந்து ஸ்டெல்லா அக்காள் சிரித்தாள். "சயின்டிஸ்டுக்கே கிளாஸ் எடுக்கறாரு பாருடா தம்பி."

"அட, மெய்யாத்தான் சொல்றேன். டீக்கார பாய் கேனைத் தூக்கிகினு வந்து நம்ப கொட்டா பக்கத்துலயே குந்திட்டாரு. அத்தினி பேரு வரிசைல நிக்கறப்ப யாவாரத்த உடுவாரா?"

"எல்லாருமே ஒண்ணும் சாப்பிடலன்னுதானே மாமா சொன்னீங்க?"

"நீ இன்னா கேட்ட? சாப்பிடலியேன்னு கேட்ட. சாப்பிடல. டீ குட்ச்சியான்னு கேட்டியா?" அவர் சுவரை நோக்கி முகவாயை நீட்டினார். "டவுட்டா கீதுன்னா போட்டோவப் பாரு. நீ அனுப்புனதுதான்."

திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே அந்தப் புகைப்படம் சட்டமிட்டு மாட்டப்பட்டிருந்தது. கொட்டகை, வரிசை, முன்னால் இளைத்த உடம்பும் பெரிய மீசையுமாக ஆரோக்கியம் மாமா, ஓரத்தில் ஹென்க்கும் நானும். நான் அறியாத படம் இல்லை. அதுதான் என் சொற்பொழிவுகளின் முதற்படம். பல நாட்டு அரங்குகளில் அதைத் திரையில் இட்டு, எண்களுக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று தொடங்குவேன். அருகில் சென்று பார்த்தேன். மாமாவின் இடக்கையில் ஒரு கண்ணாடிக் குவளை. அவருக்குப் பின்னால் நின்றவர் கையிலும் குவளை. அதற்கும் பின்னால் ஒருவர் அண்ணாந்து கடைசி மடக்கைக் குடித்துக்கொண்டிருந்தார். நான் எத்தனையோ முறை சுட்டுக்கோலின் சிவப்பு ஒளிப்புள்ளியை அவர்கள் முகங்களின்மேல் நகர்த்தியிருக்கிறேன். அந்தப் புள்ளி ஒரு சாண் கீழே இறங்கியதில்லை.

கால் மரத்துப்போனால் அதைத் தொட்டுப் பார்ப்போமே, அப்படி என்னை நானே தொட்டுப் பார்த்தேன். "இன்னிக்கு வேணாம் மாமா, நாளைக்குப் போகலாம்" என்றேன். அவர் மீதித் தேநீரையும் நிதானமாகக் குடித்து முடித்தார்.

ஹென்க்குக்குத் தெரியாமல் போனதில் வியப்பில்லை. எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்பதுதான் அன்று முழுவதும் என்னைவிட்டு அகலாத கேள்வி. எங்கள் வீடு ஒருசந்தி இருக்கும் வீடு. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் ஒருவேளை உணவு மட்டுமே என்று நோன்பு நோற்ற அம்மா, நண்பகலுக்குள் இருமுறை காப்பி குடிப்பாள். நோன்பு முறிந்ததாக அவளும் எண்ணியதில்லை. பங்குச் சாமியாரும் சொன்னதில்லை. வீட்டுக்கு வருகிறவரிடம் காப்பி சாப்பிடுங்கள் என்கிறோம். காப்பி குடித்துச் சென்ற அவரிடமே வழியில் ஒருவர் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டால், இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லை என்கிறார். இவையெல்லாம் நான் பிறந்து வளர்ந்த உலகம். திட்டத்தின் நெறிமுறையில், தண்ணீர் தவிர வேறெதையும் உண்ணவும் பருகவும் கூடாது என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. அதை என் வாயால் தமிழாக்கிய இடத்தில் பருகுதல் உதிர்ந்துபோயிற்று. அது உதிர்ந்த ஓசை எனக்கே கேட்கவில்லை.

ஒருவரின் நினைவை மட்டும் வைத்து முடிவு செய்யலாகாது என்பது தொழிற்பழக்கம். மறுநாள் மாமாவைத் தேநீரின்றி ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்று குருதி கொடுக்கச் செய்தபின், இருவரும் பாடிக்குப் போனோம். மேம்பாலத்தின் கீழே, சரக்குந்துகளின் இரைச்சலுக்கு நடுவே, ஒரு தேநீர்க் கடையில் அவருடைய பழைய தோழர் கோவிந்து எங்களுக்காகக் காத்திருந்தார். கேட்டவுடன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"டீ இல்லாம ஊசி குத்துனா ரத்தம் எங்கேர்ந்து நைனா வரும்? எனக்கு ஊசின்னா பயம். நானு ரெண்டு அட்ச்சேன்."

"இவன் மூணு அட்ச்சான். காசு நான்தான் குடுத்தேன்" என்றார் மாமா.

"போடாங்... அந்த வெள்ளக்காரருக்குக்கூட ஒண்ணு நீட்னேன். வயித்துக்கு ஆவாதுன்னு சைகை காட்டிட்டாரு. நல்ல மனுசன். தோள்ல தட்டிக் குடுத்தாரு."

அங்கே வந்திருந்த வேறு இரு தோழர்களும் அதையே சொன்னார்கள். அவர்கள் எதையும் மறைக்கவில்லை; மறைக்க ஏதும் இருப்பதாகவே அவர்களுக்குத் தோன்றவில்லை. எனக்கும் ஒரு தேநீர் வந்தது. பாலில் கொதித்து, நுரை கட்டி, அடியில் சர்க்கரை தேங்கிய தேநீர். குடித்தேன். வயிறு நிறைந்ததுபோல் இருந்தது.

அன்று பிற்பகல் ஹென்க்கைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் பணி ஓய்வு பெற்று, ஒரு கால்வாய்க் கரையில் காய்கறி பயிரிட்டுக்கொண்டிருக்கிறார். பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைக்க எனக்கு இரண்டு குளிர்காலங்கள் தேவைப்பட்டன என்பது அவருக்கு இன்றும் வேடிக்கை. நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஆனால் நான் அதைப் பார்த்தேனே. தேநீர் குடித்தார்கள். அதனால் என்ன?" என்றார்.

"பார்த்தீர்களா?"

"ஆம். வெறும் தேநீர்தானே? இங்கே குருதி எடுக்கும் முன்பு எங்கள் ஆட்களையும் அதற்கு அனுமதித்தோம் என்று நினைக்கிறேன். அது வெந்நீர்தான்."

அப்போதுதான் முழுவதும் விளங்கிற்று. அவருடைய நாட்டில் தேநீர் என்பது வெந்நீரில் ஒரு சிறு பையைச் சற்று நேரம் நனைத்து எடுப்பது. பால் இல்லை, பலர் சர்க்கரையும் இடுவதில்லை. அதை உணவென்று அவர் எப்படி எண்ணுவார்? எங்கள் ஊரில் தேநீர் உணவேதான். பல தொழிலாளர்களுக்குக் காலை உணவே அதுதான். ஆயினும் அதை உணவென்று ஒருவரும் எண்ணுவதில்லை. ஒரே குவளையை இரண்டு நாடுகளும் கண்ணால் பார்த்திருக்கின்றன. தத்தம் காரணத்துக்காக இரண்டும் அதை ஒன்றுமில்லை என்று விட்டிருக்கின்றன. அந்தப் படத்தில் இருக்கும் அத்தனை பேரிலும், பிற்பாடு இரண்டு தேநீரையும் குடித்துப் பார்த்தவன் நான் ஒருவனே.

அந்தத் தேநீரில் இன்சுலினை ஏற்றும் பாலும் சர்க்கரையும் கலந்திருந்தன என்று விளக்கினேன். ஹென்க் அன்போடு ஒரு வழி சொன்னார். இதழுக்கு ஒரு திருத்தம் அனுப்பிவிடலாம். பங்கேற்பாளருள் சிலர் நெறிமுறையை முழுமையாகக் கடைப்பிடிக்கவில்லை என்று இப்போது தெரியவருகிறது என்று ஒரு வாக்கியம் போதும். கட்டுரை நிற்கும், மேற்கோள்கள் நிற்கும், பேராசிரியர் இருக்கைக்கான குழுவும் அதைப் பொருட்படுத்தாது. "எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அது ஒரு வழக்கச்சொல். யாரையும் புண்படுத்தாது" என்றார். அவர் பொய் சொல்லத் தூண்டவில்லை. அந்த வாக்கியம் எங்கள் துறையில் அன்றாடம் புழங்குவது. நானே மற்றக் கட்டுரைகளில் எழுதியிருக்கிறேன். மாறாக, கேள்வியைத் தவறாகக் கேட்டவன் ஆய்வாளன் என்று எழுதினால், யாருடைய குருதியையும் நம்ப இயலாது. கட்டுரையையே திரும்பப் பெற வேண்டும். எங்கள் முடிவு முழுவதும் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் அதில் உடலின் பங்கு எவ்வளவு, பாலும் சர்க்கரையும் எவ்வளவு என்று பிரித்தறிய இனி வழியில்லை.

அவ்வாக்கியத்தை மடிக்கணினியில் எழுதி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா என் அருகில் வந்து அமர்ந்தார். ஆங்கிலம் அவருக்கு எழுத்துக்கூட்டத் தெரியும்.

"இன்னா எய்திகினு கீற?"

சொன்னேன். கட்டுரையில் பிழை என்று தெரிவிக்கப் போகிறேன் என்றேன்.

"அப்ப எங்க ரத்தம் வேஸ்ட்டா?"

"எதுக்காக எடுத்தோமோ, அதுக்கு ஆகாது மாமா."

அவர் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். "நம்ப ரத்தத்தை ஒலகம் பூரா படிச்சிகினு கீறாங்கன்னு சர்ச்சுல, கல்யாணத்துல, பஸ்ஸுல பக்கத்துல குந்தறவன்கிட்டகூட சொல்லிகினு கீறேன். சரி, உடு." பிறகு திரையிலிருந்த வாக்கியத்தின்மேல் விரலை வைத்தார். "இதுல இன்னா கீது?"

நான் தமிழில் சொன்னேன். அவர்களுக்காக நான் தமிழாக்கியது இது இரண்டாம் முறை; அன்று போலன்றி, எதையும் உதிரவிடாமல், சொல்லுக்குச் சொல் சொன்னேன். அவர் விரலை எடுத்தார்.

"நாங்க பேச்சக் கேக்கலன்னு எய்தியிருக்க."

"அப்படித்தான் மாமா எழுதறது வழக்கம்."

"வயக்கமா? மச்சான், நீ வரச் சொன்ன, வந்தோம். கைய நீட்டச் சொன்ன, நீட்னோம். சாப்டியான்னு கேட்ட, இல்லன்னோம். இதுல எந்தப் பேச்சக் கேக்கல? தப்புன்னு எய்து, வாணாங்கல. எங்க மேல எய்தாதே. அத்தினி பேரு படிக்கிறாங்கன்னு நீதானே சொல்லுவ?"

அவர் குரலில் சினம் இல்லை. எழுந்து போய்த் தொலைக்காட்சியை இயக்கினார். நான் அந்த வாக்கியத்தை அழித்தேன். பங்கேற்பாளர்கள் தம்மிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு உண்மையாகவே விடையளித்தார்கள்; பருகியவை பற்றிய கேள்வியை முதலாம் ஆசிரியராகிய நான் கேட்கத் தவறினேன்; ஆகவே கட்டுரையைத் திரும்பப் பெறக் கோருகிறேன் என்று எழுதினேன். எழுதும்போது எதையும் துறக்கும் உணர்வு வரவில்லை. நல்ல உரைநடையில் எழுவாய் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே அதை நிறுத்தினேன். ஹென்க் ஒருநாள் யோசித்துவிட்டுத் தாமும் கையொப்பமிட்டு அனுப்பினார். அந்த வாரத்தின் திங்கட்கிழமை அஞ்சல் வழக்கம்போல் வந்தது; அம்பத்தூரில் அப்போது நண்பகல். எண் ஏறியிருந்தது.

உட்ரெக்ட் திரும்பிச் சில வாரங்களாயின. பேராசிரியர் இருக்கைக்கான குழு, முடிவைத் தள்ளிவைப்பதாக இரண்டே வரிகளில் தெரிவித்தது. இதழில் என் கட்டுரையின்மேல் 'திரும்பப் பெறப்பட்டது' என்னும் சிவப்பெழுத்து குறுக்காக விழுந்தது. எதிர்வீட்டுப் பெண்மணி முன்போலவே கையசைக்கிறார். திங்கட்கிழமை இயந்திரமும் முன்போலவே எழுதுகிறது. சிவப்பெழுத்தைப் படிக்க அதற்குத் தெரியாது. ஹுய்சார்ட்ஸிடம் இன்னும் போகவில்லை. அவர் கையிலிருக்கும் வழிகாட்டி மாற எத்தனை ஆண்டுகள் ஆகுமோ? அதுவரை அவர் என்னை என் பழைய வாக்கியத்தின்படியே நடத்துவார்.

சென்ற வாரம் எங்கள் நிறுவனத்தில் பேச வேண்டியிருந்தது. அதே முதற்படத்தைத் திரையிலிட்டு, இதில் என்ன பிழை என்று கேட்டேன். முன்வரிசையிலிருந்த ஒரு டச்சுக்காரர், குருதி எடுப்பவர் கையுறை அணியவில்லை என்றார். அணிந்திருந்தார், படத்தில் தெரியவில்லை. சென்னையை அடுத்த ஆவடியிலிருந்து அண்மையில் வந்து சேர்ந்த ஆய்வு மாணவி ஒருத்தி, வரிசை ஒழுங்காக இல்லை என்றாள். அரங்கு சிரித்தது. அத்தனை பேரும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குவளைகள் அங்கேயே இருந்தன. சுட்டுக்கோலில் மின்கலம் தீர்ந்திருந்தது. கையால் காட்டலாம் என்று திரையருகே சென்றேன். படவீழ்த்தியின் ஒளி என்மேல் விழுந்தது. நான் மறைத்த இடத்தில் இருந்தவை திரையிலிருந்து மறைந்து என் வெள்ளைச் சட்டைக்கு வந்துவிட்டன: மாமாவின் இடக்கை, விரல்கள், பாதி குடித்த தேநீர். விலகி நின்றால் திரையில் நான் இல்லை. நெருங்கி நின்றால் திரையில் அவர்கள் இல்லை. என் விலாப்புறத்தில் விழுந்திருந்த அந்தக் குவளையின்மேல் விரலை வைத்து, "இது" என்றேன்.